தூக்கத்தில் பிரேக் மிதிக்கிறவன்

டங்கென்றும் இல்லை, தொப்பென்றும் இல்லை. தகரத்தை யாரோ நிதானமாக அழுத்தி, அது உள்ளே போய், விட்டதும் பழையபடி வெளியே வருகிற சத்தம். சுகந்தி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் விழித்திருப்பது வந்தவனுக்குத் தெரிந்துவிடும். வந்தவன் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள், கொல்லைப் பக்கமாக வந்திருப்பான், பீரோவைத்தான் நெம்புகிறான், பீரோவில் என்ன இருக்கிறது, குழந்தைக்குக் காதுகுத்தில் போட்ட கம்மலின் காலி டப்பாவும் கல்யாணப் புடவையும்தான், எடுத்துக்கொண்டு போகட்டும், குழந்தை மட்டும் இப்போது சிணுங்கக் கூடாது, மாதாவே, இப்போது மட்டும் சிணுங்கக் கூடாது. கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பயம் வந்தால் மாரியம்மனுக்கு முன்னால் மாதாதான் வருவாள், அதை மாமியாரிடம் சொன்னதில்லை. கையை மெல்ல நகர்த்திக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். வயிறு ஏறி இறங்கியது. மறுபடியும் அந்தச் சத்தம், அதோடு சேர்ந்து ஒரு மூச்சு, இழுத்துப் பிடித்த ஆம்பளை மூச்சு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, வீட்டில் புருஷன் இருக்கிறான். கதவோரம் செருப்பு கிடக்கிறது, கொடியில் காக்கிச் சட்டை தொங்குகிறது, பூபதி வந்திருக்கிறான், இத்தனை நேரமும் அவன் வந்திருப்பதையே மறந்துபோய்த் தனியாகக் கிடந்து பயந்திருக்கிறாள். தனியாகப் பயப்படுவது அவ்வளவு பழகிவிட்டது.

கண்ணைத் திறந்தாள். சின்ன பல்பின் வெளிச்சத்தில் பூபதி பாயில் மல்லாந்து கிடந்தான், கால் பீரோவைப் பார்க்க. தூங்குகிற முகம்தான், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் வலது கால் மட்டும் தூங்கவில்லை. முழங்கால் லேசாக மடங்கி, பாதம் எழும்பி, பீரோவின் அடித்தகட்டில் போய் உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஆனால் முழு பலத்தோடு அழுத்தியது. தகரம் உள்ளே போனது. இடுப்பு விறைத்தது, கை இரண்டும் எதையோ பிடித்தன, மூச்சு நின்றது. சுகந்தியின் மூச்சும் நின்றது. எதிரே என்ன வந்தது, மாடா, விளக்கில்லாத டிராக்டரா, சாலையைப் பாதி தாண்டிவிட்டுத் திரும்பி ஓடுகிற கிழவியா. பிறகு பாதம் தளர்ந்தது. தகரம் வெளியே வந்தது. என்னவாக இருந்தாலும் அது பிழைத்துவிட்டது. பூபதி விழித்துக்கொண்டான், இல்லை, விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் எங்கோ தலையைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி சாய்ந்தான், கண் சொக்கியது, சொக்கின அடுத்த நிமிஷமே கால் எழும்பியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மில்லில் சூப்பர்வைசராக இருந்தபோது இந்தக் கால் சைக்கிள் மிதித்த கால். கல்யாணத்தன்று மெட்டி போட இவளுடைய காலைத் தொட்ட கைக்குப் பக்கத்தில் கூச்சப்பட்டு மடங்கிக் கிடந்த கால். இதற்குள் இப்போது ஒரு முழுச் சாலை இருக்கிறது.

ஆனால் அவன் தூங்க வேண்டும். ஆச்சரியத்துக்கு நடுவே அந்த நினைப்பு முள் மாதிரி மாட்டி இழுத்தது, அவன் தூங்க வேண்டும், விடிந்தால் கிளம்ப வேண்டும், எதிர் மனையில் ஜவ்வரிசி லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டின லாரி நிற்கிறது, இந்தூர் போக வேண்டும், இந்த முறை பக்கத்தில் யாரும் இல்லை. இதுவரை கூட ஓட்டுகிற மூத்த டிரைவர் அர்த்தநாரி அண்ணன் இருந்தார். வெளிமாநிலம் போகிற லைன் வண்டிக்குப் புதுசாக வருகிறவன் முதலில் கயிறு கட்டி, டயர் தட்டி, பிறகு ராத்திரியில் காலி ரோட்டில் ஸ்டியரிங் பிடித்து, பிறகு லோடோடு பிடித்து, கடைசியில்தான் மலை இறங்குவான். அத்தனையும் அவரோடுதான். அவருக்குக் கண் ஆபரேஷன். ஓனர் இனி ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான், கிளீனரும் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒரு வண்டிக்கு ஒரு ஆள். அவ்வளவு பெரிய வண்டிக்கு, அவ்வளவு நீளமான ரோட்டுக்கு, இந்த ஒரு ஆள், வாயைத் திறந்து தூங்கத் தெரியாமல் கிடக்கிற இந்த ஆள்.

தூங்கவிட்டார்களா அவனை. லீவு என்று வந்தான். வந்த ராத்திரி பேசிப் பேசியே விடிந்தது, பேச இத்தனை நாள் சேர்ந்து கிடந்தது. மறுநாள் மலைக்கோயிலில் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். அப்பா ஊரில் இருக்கும்போதுதானே வைக்க முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும்தான் சொன்னாள், போன் போட்டுத் தேதி குறித்ததே அவள்தான். சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், கோயில் மண்டபத்தில் ராத்திரி பூரா சீட்டாட்டம், பூபதி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் கேஸ் ஏஜென்சி, பிறகு மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தலையைக் காட்டியது, நேற்று மத்தியானமே ஓனர் போன், ஆத்தூர்ப் பக்கம் போய் லோடு ஏற்றி வந்து நிறுத்தினான். லைன்காரன் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் அவனைத் தின்றுவிடுகிறார்கள். காதுகுத்துக்கு வந்திருந்த அர்த்தநாரி அண்ணன், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, பந்தியில் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்துக்கு நடுவே அவளிடம் சொன்னார், ரோட்டில் வண்டி ஓட்டுகிறது பாதி வேலைதான் அம்முணி, வீட்டுக்கு வந்து தூங்குகிறது மீதி வேலை, எம்பொண்டாட்டிக்கு இதைப் புரியவைக்கிறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார், கடைசியாகத் தாண்டின டோல்கேட் எது என்று யோசித்து ஞாபகம் வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதுவரை ஓட்டினது நாம் இல்லை, தூக்கம். அப்போது கையில் பாயசக் கிண்ணம் இருந்தது அவளுக்கு. அதற்கப்புறம் பாயசம் இறங்கவே இல்லை.

தூக்கம் ஓட்டுகிறது. தூக்கத்துக்குக் கை உண்டா. ஆள் உட்கார்ந்திருக்கிறான், கண் திறந்திருக்கிறது, டோல்கேட்டில் கண்ணாடியை இறக்குகிறான், போகிறான், ஆனால் அவன் இல்லை. அவளுக்கும் அப்படி ஆகியிருக்கிறது, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, எந்தப் பக்கம் கொடுத்தோம் என்று தெரியாமல், எப்போது தொட்டிலில் போட்டோம் என்று தெரியாமல், விடிந்து பார்த்தால் தொட்டிலில் கிடக்கும். யார் போட்டது. அந்த நேரங்களில் யார் தன் கையை எடுத்து உபயோகித்தது. அவள் தானாகவே டோல்கேட்டுகளை எண்ண ஆரம்பித்தாள், அவன் போனில் சொல்லச் சொல்லக் கேட்ட பேர்கள், பெங்களூர் தாண்டினதும் ஒன்று, ஹூப்ளிக்கு முந்தி ஒன்று, அதற்கப்புறம் வாயில் நுழையாத மராட்டிப் பேர்கள், அதற்கப்புறம் அறுந்துபோனது. அறுந்த இடத்தில் சிஸ்டர் கிளமென்ஷியா வந்து நின்றார், ஏற்காட்டு மழை ஜன்னலில் அடிக்க, இந்தியா மேப்பில் நதிகளை நீலப் பென்சிலால் வரையச் சொல்லி. கிருஷ்ணா, பீமா, கோதாவரி, தப்தி, நர்மதா. தப்தியும் நர்மதாவும் மட்டும் மேற்கே ஓடுவதைக் கோணலாக வரைந்து காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறாள். அந்த நதிகளையெல்லாம் அவன் தாண்டியிருக்கிறான். நர்மதை எப்படி இருக்கும் என்று ஒருமுறை போனில் ஆசையாகக் கேட்டாள். பார்த்ததில்லை, எப்போதும் ராத்திரியில்தான் வருகிறது என்றான். பாலத்து இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது வருகிற டடக் டடக்கை வைத்துத் தெரியும், கோதாவரிக்குச் சத்தம் குறைச்சல், நர்மதைக்கு ரொம்ப நேரம் வரும், ஜன்னல் வழியாக ஒரு குளிர் ஏறும், அப்போது அர்த்தநாரி அண்ணன் தூக்கத்திலேயே கையைத் தூக்கி ஒரு கும்பிடு போடுவார். நீலப் பென்சில் கோட்டைத் தாண்டி ஒருத்தன் ஜவ்வரிசி கொண்டுபோகிறான், விரத நாளில் அந்த ஊர்ப் பெண்கள் கிச்சடி செய்து சாப்பிடுவதற்காக. அவளுக்குத் தெரிந்த பூபதியைவிட எவ்வளவு பெரியவன் அவன். அவ்வளவு பெரியவனைத் தூங்கவைக்க அவளிடம் என்ன இருக்கிறது. ஒரு பாய், ஒரு ஃபேன்.

சத்தம் மறுபடி வந்தபோது அவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். பீரோவைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “முழிச்சுட்டியா. பயந்துட்டியா.” இல்லை என்றாள். குரல் காட்டிக்கொடுத்தது. அவன் வெட்கமாகச் சிரித்தான், பிள்ளையைப் பார்க்கத் தலையை நீட்டினான், மொட்டைத் தலையில் விரலை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டான். வைத்தால் அழும். வந்த நாளிலிருந்து மித்ரா அவனைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குகிறாள். இடத்தை மாற்றிப் படுங்கள், பீரோ இல்லாத பக்கம் காலை நீட்டுங்கள் என்று அவள் சொன்னாள். அவன் மாற்றிப் படுத்தான். இப்போது மிதிக்க ஒன்றும் இல்லை, கால் காற்றில் போய்க்கொண்டே இருந்தது, கிடைக்காமல் துள்ளி எழுந்தான், முன்னைவிட மோசமாக, உடம்பெல்லாம் வேர்த்து. இந்த வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது, காது ஙொய்யென்கிறது, நான் வண்டியில் கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அவன் செருப்பு போடவில்லை, அவளும் குழந்தையும் முழித்துவிடக் கூடாதாம், முழித்தே கிடக்கிறவளுக்காக.

வீடு இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. வெளியே வண்டியின் கதவு திறந்து மூடுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தன்னிடமிருந்து போய்விட்டான் என்று ஒரு கணம் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் இரண்டையும் தள்ளிக்கொண்டு அதே முள், தூங்குவானா. அங்கேயாவது தூங்குவானா. அவளுக்கு எப்படித் தூக்கம் வந்தது முதல் முதலில் வீட்டை விட்டுப் போனபோது. ஹாஸ்டலில் அந்த நீளமான ஹாலில், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அழுகை. விளக்கு அணைந்த பிறகு சிஸ்டர் டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடப்பார், இடுப்பில் சாவிக்கொத்து உரசும். யாரையும் தூங்கு என்று அவர் அதட்டினதில்லை. நடப்பார், அவ்வளவுதான். சாவிச் சத்தம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் இவள் தூங்கியிருப்பாள். ஒரு நாள் சிஸ்டருக்குக் காய்ச்சல் என்று யாரும் நடக்கவில்லை, அன்றைக்கு ஹால் முழுக்க, அத்தனை பிள்ளைகளும், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு விடியும்வரை கிடந்தார்கள். சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டாள், வீட்டை வெளியே பூட்டினாள், ராத்திரியில் இந்த வாசலைத் தாண்டி ஒற்றை ஆளாக அவள் இறங்கினதே இல்லை, இறங்கினாள்.

காலி மனையில் வண்டி நின்றது. பகலில் நூறு தடவை பார்த்த வண்டிதான், ஆனால் பகலில் அது ஒரு லாரி. இப்போது தார்ப்பாய்க்குள் மூச்சை அடக்கிக்கொண்டு மலை மாதிரி உட்கார்ந்திருந்தது, கிட்டே போகப்போகப் புளித்த கிழங்கு வாசனை, டீசல், இன்னும் ஆறாத இரும்பு. சக்கரம் அவள் மார்பு உயரம் இருந்தது. கதவைத் தட்டினாள். பூபதி திகைத்துப்போய்க் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டான், அவள் நைட்டியைச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, ஏறினாள். ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். அவளுடைய வீடு காலடியில் கிடந்தது. கூரை தெரிந்தது, மேலே காயப்போட்டு மறந்த குழந்தைத் துணி தெரிந்தது, அதற்கப்பால் போர் போடுகிற ரிக் வண்டிகள் நீட்டிப் படுத்திருந்த மைதானம், அதற்கப்பால் மலைக்கோயில் படி விளக்குகள், அதையும் தாண்டிச் சேலம் போகிற ரோட்டில் ஒரு வெளிச்சம் ஊர்ந்து போனது. இங்கிருந்துதான் அவன் பார்க்கிறான். இந்த உயரத்திலிருந்து, எதிரே வருவது அத்தனையும் சின்னதாக, மிதித்தால் நசுங்கிவிடும் அளவுக்குச் சின்னதாகத் தெரிகிற இடத்திலிருந்து. அதனால்தான் கால் தூங்குவதில்லை. அவளுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது, பின்னால் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“இங்கயும் தூக்கம் வரலையா?” என்றாள்.

பின்பக்கப் பலகை மெத்தையில் உட்கார்ந்தபடியே அவன் தலையை ஆட்டினான். மித்ரா அவன் மடியில்தான் இருந்தாள், முழித்து, ஆனால் அழவில்லை, டாஷ்போர்டு மேல் தொங்குகிற மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனாகவே சொன்னான். லைனில் ஒருத்தன் இறங்கி இன்னொருத்தன் ஸ்டியரிங் பிடிக்கும்போது ஒரு முறை இருக்கிறது. பிடித்தவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், வண்டி என் கையில் இருக்கிறது என்று. சொல்லாமல் ஓட்டக் கூடாது, சொல்கிறதைக் கேட்காமல் மற்றவன் படுக்கக் கூடாது. அர்த்தநாரி அண்ணன் அவனை முதல் நாளே இதற்காகத்தான் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு தடவை இரண்டு பேரும் மற்றவன் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தால் போதுமாம், நாலு குடும்பம் போச்சாம். “அதைக் கேட்டுக் கேட்டு, இப்ப அது காதுல விழாம கண்ணு மூட மாட்டேங்குது சுகந்தி. மூடுனா, வண்டி யாரு கையில இருக்குதுன்னு உடம்பு பதறுது. இனிமே ஒத்தை ஆளு. யார் சொல்லுவாங்க.” அவன் பயந்திருக்கிறான். இதுவரை அவள் ஒருத்திதான் பயப்படுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பயம் தன் சீதனம் மாதிரி, அவன் அதைச் சிரித்துத் தட்டிவிடுகிறவன். நடுவில் இருந்த எஞ்சின் மூடியைத் தாண்டி, காலைத் தூக்கிப் போட்டு, அவன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் அவள் கைக்கு ரொம்பப் பெரிசு, குளிர்ந்து, ஓரங்களில் வழவழவென்று தேய்ந்திருந்தது. தேய்ந்த இடங்களில் அவள் கை போய்ப் பொருந்தியது.

“வண்டி எங்கையில இருக்குதுங்க. நீங்க படுங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். “எந்த கியர்ல நிக்குதுன்னு தெரியுமா உனக்கு.”

“நிக்கற வண்டிக்கு என்ன கியர். படுங்கன்னா படுங்க.” பிறகு, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள், போகிற இடத்தில் கண் சொக்கினால் ஓரம் கட்டிவிட்டுப் போன் போடுங்கள், எந்நேரமானாலும் எடுப்பேன், எடுத்து இதையே சொல்வேன், நான் எப்படியும் முழித்துத்தானே கிடக்கிறேன். பலகை முனகியது. குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு படுக்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவள் திரும்பவில்லை. ரோட்டைப் பார்க்கிறவர்கள் திரும்பக் கூடாது. நேரே பார்த்தாள், மனை, மண் ரோடு, மின்கம்பம், மண் ரோடு, மின்கம்பம், கண் கூசும் வரை பார்த்தாள். ஒரு மூச்சு பின்னால் இழுத்து நின்றது, கால் எங்கோ அசைந்தது, அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள், பிறகு அந்த மூச்சு விட்டது. விட்டது, விட்டது, நீளமாக, ஆழமாக, ஒரு கடைசிப் படிக்குக் கீழேயும் இன்னும் படிகள் இருக்கிற கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அதன் மேலேயே சின்ன மூச்சு ஒன்று, அதுவும் இறங்கியது. குறட்டை வந்தது. இத்தனை நாளில் இந்த வீட்டில், இந்த வீதியில், அவள் கேட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான், தேவாலயத்தில் ஆர்கன் எழும்பும்போது முழங்கால் பலகையில் நின்றபடி முதுகெல்லாம் சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது. ஒரு ஆள் தூங்குகிறான். அவ்வளவு பெரிய தேசத்தைக் காலில் வைத்திருக்கிற ஒரு ஆள், அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தூங்குகிறான்.

டாஷ்போர்டில் அவன் போன் கிடந்தது. கிளம்புவதற்காக அவன் வைத்திருந்த அலாரம் அதில் இருந்தது. சுகந்தி யோசித்தாள், லோடு தாமதமானால் ஓனர் கத்துவார், கத்தட்டும், அவளிடம் கத்தட்டும், கான்வென்ட் இங்கிலீஷில் பதில் சொன்னால் அவர் வாயடைத்துப்போவார் என்பது அவளுக்குத் தெரியும். அலாரத்தை எடுத்துவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மண் ரோட்டின் கோடியில் ஒரு பைக் திரும்பியது. இரண்டு பேர். விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை உறுமவிடாமல் மெல்ல வந்தார்கள், வண்டியின் பின்பக்கம், டீசல் டேங்க், கயிறு, ஒவ்வொன்றாகப் பார்த்தபடி. கத்தினால் அவன் எழுந்துவிடுவான். கத்தாவிட்டால். கை தானாக ஸ்டியரிங்கின் மேல் ஏறியது, உடம்பு நிமிர்ந்தது, கண்ணாடி வழியாக நேராக அவர்களைப் பார்த்தாள். பின்னால் இருந்தவன் நிமிர்ந்தான். உயரத்தில், இருட்டில், டிரைவர் சீட்டில் ஒரு உருவம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஆளு இருக்குதுடா” என்றான், தணிந்த குரலில். பைக் விளக்கைப் போட்டுக்கொண்டு போனது.

ஆள் இருக்கிறது. தன்னைத்தான் சொன்னான். அந்தச் சொல் உள்ளே போய் உட்காரும்வரை அவள் காத்திருந்தாள். பயம் எங்கும் போய்விடவில்லை, ஆனால் குறட்டை அறுபடவே இல்லை. வண்டிக்குப் பாடி கட்டின ஆசாரி கதவின் உள்பக்கம் வீட்டுக் கதவுக்கு வைப்பது போலவே ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வைத்திருந்தார். அவள் ஏறி வந்த பக்கத்துக் கதவில் பூபதி அப்போதே அதைப் போட்டிருந்தான். தன் பக்கம் அவள் எட்டி, கட்டை விரலால் தேடி, சத்தம் வராமல் மெல்ல மெல்லத் தள்ளி, கடைசி வரைக்கும் போட்டாள்.